முகாமுக்குப் புதிதாக வருகிறவர்களால் காலரா வருமா?

கேள்வி, 16 ஜூலை 2022 (உச்சிப்புளி வாசகர்)

காரைக்காலில் காலரா. கேரளாவில் குரங்கம்மை. இங்கே தனுஷ்கோடிக்கு இலங்கையிலிருந்து அடிக்கடி படகு வருகிறது. வருகிறவர்களை மண்டபம் அகதிகள் முகாமில் வைக்கிறார்கள். நோய் இருக்கிறதா என்று யார் பார்க்கிறார்கள்? ஊராட்சியும் சொல்வதில்லை, பேரூராட்சியும் சொல்வதில்லை. எங்கள் பிள்ளைகள் அதே பஸ்ஸில்தான் பள்ளிக்குப் போகிறார்கள். நான் கேட்பது தப்பா?

16 ஜூலை 2022, இரவு

தப்பே இல்லை. பெற்றவர்கள் கேட்கத்தான் செய்வார்கள். நான் மண்டபம் வட்டாரத்தில் சுகாதார ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

காரைக்கால் காலராவுக்கும் தனுஷ்கோடிப் படகுக்கும் சம்பந்தம் கிடையாது. புதுச்சேரி அரசு ஜூலை 3-ஆம் தேதி அங்கே பொதுச் சுகாதார அவசரநிலை அறிவித்தது. குடிநீர்க் குழாயில் கசிவு, அதில் சாக்கடை கலந்தது, அதனால் வந்த வினை. காலரா குடிக்கிற தண்ணீரிலும் கை கழுவாமல் தொட்ட சோற்றிலும்தான் போகும். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தால் ஒட்டாது. குரங்கம்மை கேரளாவுக்கு வந்தது வளைகுடாவிலிருந்து விமானத்தில் வந்த பயணி மூலம்.

படகில் வருகிறவர்களை முதலில் கடலோரப் பாதுகாப்புக் குழுமம், அதாவது கடலோரப் போலீஸ், விசாரிக்கும். அப்புறம்தான் மண்டபம். உடம்பு பார்க்கிறார்கள், காய்ச்சல் இருந்தால் ரத்தம் எடுக்கிறார்கள், மோசமாக இருந்தால் ராமநாதபுரம் அரசு மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். இதை ஊருக்கு யாரும் எழுதிச் சொல்லவில்லை என்பது உண்மை. சொல்லாத இடத்தில்தான் வதந்தி முளைக்கிறது.

17 ஜூலை

தூக்கம் வராமல் இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். மண்டபம் முகாம் எதற்காகக் கட்டியது என்று இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாது.

நூறு வருடத்துக்கு முன்னால் இதே பயம் இருந்தது. அப்போது பயந்தது இலங்கை. தேயிலைத் தோட்டங்களுக்குப் போன நம் சனங்கள் காலராவையும் பிளேக்கையும் பெரியம்மையையும் கொண்டு போய்விடுவார்கள் என்று இலங்கை அரசாங்கமே இங்கே முகாம் நடத்தியது. நாள் கணக்கில் தடுத்து வைத்து, அம்மை குத்தி, அதன் பிறகே தனுஷ்கோடியில் கப்பல் ஏற விட்டார்கள். பாம்பன் ரயில் பாலம் 1914-ல் திறந்ததிலிருந்து தலைமன்னாருக்கு அதுதான் பெருவழி. மண்டபம் கேம்ப் என்ற ரயில் நிலையம் இன்றும் அங்கே நிற்கிறது.

1964-ல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் நம் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டார்கள். அங்கே இருந்த தோட்டத் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வது என்று முடிவு. தோட்டத்துக்குப் போனவர்களின் பேரப்பிள்ளைகள் அதே மண்டபத்தில் வந்து இறங்கினார்கள். அப்புறம் 1983 ஜூலைக் கலவரம், 1990 சண்டை, 2006-லிருந்து கடைசிப் போர். ஒவ்வொரு தடவையும் இங்கேதான். இந்த வருடம் மார்ச் 22-ல் முதலில் 16 பேர் வந்தார்கள். இப்போது நூறைத் தாண்டிவிட்டது. இந்தத் தடவை குண்டுக்குப் பயந்து வரவில்லை. அரிசி விலை, பால்மா விலை, மண்ணெண்ணெய் இல்லை, மருந்து இல்லை.

நம் தாத்தா பாட்டியை நோய்மூட்டை என்று பார்த்த அதே இடத்தில் நின்றுகொண்டு, நாம் இன்னொருவரை அப்படிப் பார்க்கக் கூடாது. எனக்கு இதுதான் மனதில் உறுத்துகிறது.

19 ஜூலை

"காலரா இல்லாவிட்டால் மலேரியா வருமே" என்று கீழக்கரைத் தம்பி எழுதியிருக்கிறார்.

தம்பி, இலங்கையில் உள்ளூர் மலேரியா 2012-க்குப் பிறகு கிடையாது. 2016 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனம் மலேரியா இல்லாத நாடு என்று சான்று கொடுத்தது. யானைக்கால் நோயையும் அதே வருடம் ஒழித்துக் காட்டினார்கள். நம் ராமேஸ்வரம் தீவோ மலேரியாவுக்குப் பழைய இடம். சவுக்குத் தோப்பில் கன்றுக்கு ஊற்ற மணலில் குழி தோண்டி வைப்பார்கள். அந்தத் தெளிந்த தண்ணீரில் மலேரியா பரப்புகிற அனாபிலிஸ் கொசு முட்டையிடும். தங்கச்சிமடத்திலிருந்து உள்ளே நடந்து குழி குழியாகக் கரண்டி விட்டுப் புழு எண்ணியது என் வேலையில் பெரும்பகுதி. வீடு வீடாகப் போய் காய்ச்சல்காரர்களிடம் ரத்தத் தடவல் எடுப்போம். இங்கிருந்து இலங்கைக்குத் திரும்பிப் போகிறவர்களுக்கு அங்கே மலேரியா ரத்தப் பரிசோதனை செய்கிறார்கள். ஆக, முகாமுக்கு வந்த பிள்ளைக்கு மலேரியா வந்தால் அது நம் கொசு கொடுத்ததாகத்தான் இருக்கும்.

டெங்கு வேறு கதை, அதையும் மறைக்க மாட்டேன். அங்கே டெங்கு கடுமை. 2017-ல் மட்டும் 1,80,000 பேருக்கு மேல் பாதிப்பு. ஆனால் டெங்குக் கொசு ஆள் பார்த்துக் கடிப்பதில்லை. இங்கே தண்ணீர் நான்கு நாளைக்கு ஒரு தடவை வந்தால் எல்லா வீட்டிலும் டிரம்மில் பிடித்து வைப்போம். மூடி இருக்காது. அந்த டிரம் இருக்கிற வரைக்கும் காய்ச்சல் வரத்தான் செய்யும், படகு வந்தாலும் வராவிட்டாலும்.

19 ஜூலை, பின்னிரவு

ஒன்று விட்டுப்போனது. காலரா சந்தேகம் என்றால் எப்படித் தெரியும் என்று பாம்பன் அக்கா கேட்டிருந்தார். வயிற்று வலி பெரிதாக இல்லாமல் கஞ்சித் தண்ணீர் மாதிரி பேதி, கூடவே வாந்தி, கண் உள்ளே போவது, சிறுநீர் குறைவது. ஓ.ஆர்.எஸ். பாக்கெட் ஒன்றை முழுதாக ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் கரைத்து அப்போதே கொடுக்க ஆரம்பியுங்கள். பாதிப் பாக்கெட், அரை டம்ளர் என்று கலக்க வேண்டாம். 108-க்குப் போன் செய்துவிட்டு வழியெல்லாம் கொடுத்துக்கொண்டே போங்கள். அக்கம்பக்கம் என்ன சொல்லும் என்று மறைத்தால் உயிர் போகும்.

26 ஜூலை

முகாமுக்குப் போய் வந்தேன். 1990-ல் வந்த குடும்பம் ஒன்று எனக்கு அன்றிலிருந்தே பழக்கம். அந்த அம்மா அப்போது கைக்குழந்தையோடு வந்தவர், இப்போது பாட்டி.

90-இல் பார்த்ததை இன்னும் மறக்கவில்லை. ராமேஸ்வரம் கரையில் இறங்கி, பள்ளிக்கூட வராண்டாவிலும் மரத்தடியிலும் சனம். பிள்ளைகளுக்கு மணல்வாரி அம்மை வந்துவிடக் கூடாது என்று செவிலியர்கள் ஐஸ் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு வரிசை வரிசையாக ஊசி போட்டார்கள். எங்களுக்குப் பிளீச்சிங் பவுடர் வாளி. கை தோல் உரிந்தது. அப்போது ஊர்க்காரர்கள் சோறு ஆக்கிக் கொண்டுவந்தார்கள். பள்ளிவாசலிலிருந்து ஒரு அண்டா, மாதா கோயிலிலிருந்து ஒரு அண்டா, கோயில் தெருவிலிருந்து ஒன்று. நோய் வரும் என்று யாரும் ஒதுங்கியதாக ஞாபகம் இல்லை.

இப்போது உள்ள வீடுகள் ரொம்பப் பழசு. சில அறைகளில் ஓடு இறங்கியிருக்கிறது. போன வருடம் ஆகஸ்டில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் 317 கோடி ரூபாய்த் திட்டம் சொன்னார், மாநிலம் முழுக்க 7,469 வீடு புதிதாகக் கட்டித் தருவதாக. பதிவு பெற்ற குடும்பத் தலைவருக்கு மாத உதவி 1,000-லிருந்து 1,500 ரூபாய் ஆயிற்று. புதிதாக வந்தவர்களுக்கு அந்தப் பதிவு இல்லை. 1951 அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்துப் போடவில்லை, அதனால் யார் அகதி என்பதை டெல்லி சொல்ல வேண்டும். அதுவரை சாப்பாடும் இடமும் மாநில அரசு கொடுக்கிறது, கையில் காசு புரளாது.

நான் பார்த்த நோய்கள் எவை என்று கேட்டால்: சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, பல் வலி, ரத்தசோகை. தொற்று என்று சொல்ல பிள்ளைகளிடம் கொஞ்சம் சிரங்கு. மன்னாரிலிருந்து வந்த ஒரு பெண் சொன்னார், "அம்மாவுக்குப் பிரஷர் குளிசை மூண்டு மாசமாக் கிடைக்கேல்ல அண்ணை. ஆசுபத்திரியில துண்டு எழுதித் தருவினம், கடையில மருந்து இல்லை." மே மாதம் சென்னையிலிருந்து முதல் கப்பலில் 9,000 டன் அரிசியும் 24 டன் மருந்தும் போனது இதற்காகத்தான். அந்த அம்மாவுக்கு இங்கே மாத்திரை தொடங்கியாகிவிட்டது.

இன்சுலின் போடுகிற பெரியவர் ஒருவர். ஃபிரிட்ஜ் கிடையாது. ஒரு பெரிய மண்சட்டியில் ஈர மணல் போட்டு, அதற்குள் சின்னச் சட்டி வைத்து, பாலித்தீன் பையில் சுற்றிய மருந்தை அதில் வைத்து ஈரத்துணியால் மூடச் சொன்னேன். நம் வெயிலுக்கு அது தாங்கும்.

2 ஆகஸ்ட்

பாதுகாப்பு என்றால் எல்லாரும் போலீஸ் என்று நினைக்கிறார்கள். எனக்கு தனுஷ்கோடியின் கடைசி முனையான அரிச்சல்முனைக்கு அப்பால் கடலுக்குள் இருக்கிற மணல்திட்டுகள்தான் பயம்.

படகுக்காரன் காசு வாங்கிக்கொண்டு, இந்தியா வந்துவிட்டது என்று இருட்டில் திட்டில் இறக்கிவிட்டுப் போய்விடுகிறான். விடிந்தால் சுற்றிலும் கடல். நிழல் கிடையாது, குடிக்கத் தண்ணீர் கிடையாது. கைக்குழந்தையோடு அப்படி நின்றவர்களைக் கடலோரக் காவல்படை ஹோவர்கிராஃப்ட்டில் போய்த் தூக்கி வந்திருக்கிறது. ஜூன் கடைசியில் கோதண்டராமர் கோயில் பக்கத்துக் கரையில் வயதான தம்பதி மயங்கிக் கிடந்தார்கள். அந்த அம்மா சில நாளில் மதுரை அரசு மருத்துவமனையில் இறந்துபோனார். கிருமி எதுவும் காரணமில்லை. தண்ணீர் வற்றிய உடம்பு.

மீன்பிடிக்கப் போகிற நம் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். திட்டில் ஆள் தெரிந்தால் கேஸ் வரும் என்று திரும்பிக்கொள்ள வேண்டாம். கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கு 1093, கடலோரக் காவல்படைக்கு 1554. எந்தத் திட்டு என்று சொல்லுங்கள். பக்கத்தில் போக முடிந்தால் தண்ணீர் கேனைக் கொடுங்கள். வாய் வாயாக, மெதுவாக. பசியோடு இருப்பவருக்கு ஒரே மூச்சில் சோறு கொடுக்க வேண்டாம்.

3 ஆகஸ்ட்

"ஏற்றிக்கொண்டு வந்தால் எங்கள் போட்டைப் பிடிப்பார்கள்" என்று இரண்டு பேர் பதில் எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. அதனால்தான் ஏற்றச் சொல்லவில்லை, போன் செய்யச் சொன்னேன். அலை ஏறி திட்டு முங்குகிற நேரம் என்றால் நான் ஏற்றத்தான் சொல்வேன். போனை முதலில் போட்டுவிட்டு ஏற்றுங்கள்.

15 ஆகஸ்ட், இரவு

இன்று கிராம சபை. எங்கள் ஊராட்சி முகாமுக்குப் பக்கம். குடிநீரும் கொசு ஒழிப்பும் பொருள் பட்டியலில் இருந்ததால் எழுந்து பேசினேன்.

மூன்று விஷயம் கேட்டேன். மேல்நிலைத் தொட்டியில் குளோரின் போட்டதை நோட்டில் மட்டும் எழுதாமல் தொட்டிச் சுவரில் பலகை வைத்து தினமும் எழுத வேண்டும். கொசுப்புழு ஒழிக்கிற பணியாளர்கள் ஊர் எல்லையில் நிற்காமல் முகாம் வேலி வரைக்கும் போக வேண்டும், வேலிக்கு உள்ளே முகாம் அலுவலகம் அதே நாளில் செய்ய வேண்டும். ஒரு நாள் இவர்கள், அடுத்த வாரம் அவர்கள் என்றால் கொசு இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போய்வரும். மூன்றாவது, புதிதாக வருகிறவர்களுக்கு என்ன பரிசோதனை நடக்கிறது என்பதை வட்டார மருத்துவ அலுவலரிடம் கேட்டு ஊராட்சிப் பலகையில் ஒட்ட வேண்டும்.

ஒருவர் எழுந்து, "நமக்கே தண்ணீர் பத்தவில்லை, அவர்களுக்கும் கொடுத்தால்?" என்றார். அவர் வீட்டுப் பெண்கள் தள்ளுவண்டியில் குடம் அடுக்கிக்கொண்டு போவதை நான் பார்த்திருக்கிறேன். அவர் கோபம் நியாயமானது. காவிரிக் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தும் கடைசி ஊர்களுக்கு நூலாகத்தான் வருகிறது. ஆனால் முகாமை மூடினால் நம் குழாயில் தண்ணீர் கூடப் போவதில்லை. இரண்டு பேரும் சேர்ந்து கேட்டால்தான் கூடும் என்றேன். தலையாட்டினார். முழுச் சம்மதம் என்று சொல்ல மாட்டேன்.

முதல் இரண்டும் தீர்மானமாக எழுதப்பட்டது. மூன்றாவது, "பார்க்கலாம்."

16 ஆகஸ்ட்

நேற்று மனசில் ஓடிக்கொண்டே இருந்த ஒன்று. சபையில் முகாம் ஆள் ஒருவர்கூட இல்லை. கிராம சபை உறுப்பினர் என்றால் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். முப்பது வருடமாக இதே கரையில் இருக்கிறவர்களுக்கும், இங்கேயே பிறந்து பிள்ளை பெற்றவர்களுக்கும் அந்தப் பெயர் கிடையாது. முகாம் வருவாய்த் துறை, மறுவாழ்வுத் துறை பொறுப்பில் இருக்கிறது. தனித் துணை ஆட்சியர் பார்க்கிறார். ஊராட்சி வேறு, பேரூராட்சி வேறு. தண்ணீர், சாக்கடை, கொசு மூன்றும் இந்த எல்லைகளைத் தாண்டித்தான் போகும்.

அதனால் நான் அந்தப் பாட்டியிடம் சொல்லி முகாமிலிருந்து கடிதமாக எழுதி வாங்கலாம் என்று நினைக்கிறேன். ஒரு நகல் துணை ஆட்சியருக்கு, ஒரு நகல் ஊராட்சித் தலைவருக்கு.

21 ஆகஸ்ட்

கடிதம் வந்தது. நான் தண்ணீரைத்தான் முதலில் எழுதுவார்கள் என்று எதிர்பார்த்தேன். பெண்கள் முதலில் எழுதியது கழிப்பறைக்குப் போகிற வழியில் விளக்கு, கதவுக்கு உள்தாழ்ப்பாள். ராத்திரி போகப் பயந்து சாயங்காலத்திலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருக்கிறார்களாம். நீர்க்கடுப்பு, சிறுநீரகக் கல் எங்கிருந்து வருகிறது என்று டாக்டர்கள் தேட வேண்டியதில்லை. சுகாதாரமும் பாதுகாப்பும் ஒரே பல்பில் இருக்கிறது.

11 செப்டம்பர்

சொல்லவே வருத்தமாக இருக்கிறது. முகாமில் ஒரு பையனுக்குக் காய்ச்சல். அவன் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேரை வீட்டில் நிறுத்திவிட்டார்கள். ஒரு டீக்கடையில் முகாம் ஆட்களுக்குக் காகிதக் கப் மட்டும் கொடுத்ததாகவும் கேள்விப்பட்டேன். ரத்தம் எடுத்துப் பார்த்ததில் டெங்கு இல்லை, மலேரியா இல்லை, சாதாரண வைரஸ் காய்ச்சல். மூன்று நாளில் பள்ளிக்குப் போய்விட்டான்.

கடைக்காரரிடம் நானே போய்ப் பேசினேன். நல்ல மனிதர்தான். வாட்ஸாப்பில் வந்த ஒரு குரல் பதிவைப் போட்டுக் காட்டினார். அதில் பேசியவர் எந்த ஊர் என்றுகூடத் தெரியவில்லை. என் அப்பா தனுஷ்கோடிக்காரர், 1964 டிசம்பர் புயலில் வீட்டோடு எல்லாம் போய் மாற்றுத்துணி இல்லாமல் மண்டபம் வந்தவர், யாரோ கொடுத்த டம்ளரில்தான் முதல் கஞ்சி குடித்தார் என்று சொன்னேன். அதற்கு மேல் நான் பேச வேண்டியிருக்கவில்லை.

3 அக்டோபர்

நேற்று கிராம சபை. தொட்டிச் சுவரில் பலகை வந்துவிட்டது. எண் எழுதுகிறார்கள், ஆனால் தொட்டிக்கு அடியில் இருக்கிற குழாயில் மட்டும் பார்த்து எழுதுகிறார்கள். கடைசித் தெருக் குழாயில் பார்க்க வேண்டும். அங்கே 0.2 பிபிஎம் (லிட்டருக்கு 0.2 மில்லிகிராம்) குளோரின் மிச்சமிருக்க வேண்டும், நோய் பரவுகிற சமயம் 0.5. குளோரின் அளவு பார்க்கிற குளோரோஸ்கோப் என்ற சின்னக் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் பிடித்து மருந்துச் சொட்டு விட்டால் மஞ்சள் நிறம் வர வேண்டும். வரவில்லை என்றால் வழியில் எங்கோ கசிவு இருக்கலாம். காரைக்காலில் நடந்ததை இங்கே ஒரு சொட்டு மருந்தில் முன்கூட்டியே பிடித்துவிடலாம்.

முகாமில் பிளஸ் டூ முடித்த இரண்டு பெண்களுக்கு அதைச் சொல்லிக் கொடுத்தேன். காலையில் முகாம் குழாயிலும் எங்கள் கடைசித் தெருக் குழாயிலும் பார்த்து எனக்குப் படம் அனுப்புகிறார்கள். எங்கள் தெருவில்தான் இரண்டு நாள் நிறமே வரவில்லை. தோண்டிப் பார்த்ததில் வால்வு பக்கம் கசிவு இருந்தது, சரிசெய்தார்கள். "நமக்கே பத்தவில்லை" என்று சொன்ன அண்ணன்தான் மண்வெட்டி கொண்டுவந்தார்.

விளக்கு இரண்டு போட்டிருக்கிறார்கள். தாழ்ப்பாள் இன்னும் இல்லை.

2 நவம்பர்

நேற்று உள்ளாட்சி நாள். எங்களுக்குக் கிராம சபை, ராமேஸ்வரம் போன்ற நகராட்சிகளில் முதல் தடவையாகப் பகுதி சபை. ராமேஸ்வரம் வாசகர்கள் யாராவது போயிருந்தால் என்ன பேசினார்கள் என்று எழுதுங்கள். புதிதாக வருகிறவர்கள் முதலில் கால் வைப்பது உங்கள் பக்கம்தான்.

பரிசோதனை விவரம் ஒரு தாளாக வந்து ஊராட்சிப் பலகையில் ஒட்டியாகிவிட்டது. காய்ச்சல், காசநோய் அறிகுறி, கர்ப்பிணிகள் விவரம், பிள்ளைகளின் தடுப்பூசி என்று என்னென்ன பார்க்கிறார்கள் என்பது மட்டும். யாருடைய பெயரும் இல்லை, அப்படித்தான் இருக்க வேண்டும். உச்சிப்புளித் தம்பி, வந்து படித்துவிட்டுப் போங்கள்.

மழை தொடங்கிவிட்டது. பிளீச்சிங் பவுடர் மூட்டையைத் திறந்து வைக்காதீர்கள் என்று தொட்டி பார்க்கிறவரிடம் சொல்லியிருக்கிறேன். நம் உப்புக் காற்றில் ஈரம் இழுத்து வீரியம் போய்விடும், அப்புறம் ஆயிரம் லிட்டருக்கு 4 கிராம் என்று அளந்து போட்டும் பயன் இருக்காது. டிரம் உள்ளவர்கள் வாரத்துக்கு ஒரு தடவை காலி செய்து, உள்பக்கம் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவுங்கள். முட்டை சுவரில் ஒட்டியிருக்கும், தண்ணீரை மட்டும் கொட்டினால் போகாது.

தாழ்ப்பாளுக்கு இனிக் காத்திருக்கப் போவதில்லை. பாம்பன் அக்கா பத்துத் தாழ்ப்பாள் வாங்கித் தருவதாக எழுதியிருக்கிறார். தச்சு வேலை தெரிந்த ஆள் முகாமிலேயே இருக்கிறார். துணை ஆட்சியர் அலுவலகத்தில் அனுமதிக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். துருப்பிடிக்காத எவர்சில்வர் தாழ்ப்பாளாகப் பாருங்கள் அக்கா, இரும்பு இந்தக் கரையில் ஒரு மழைக்கு நிற்காது.